மூன்று வீட்டு ஒயினும் ஒரு விசிலும்

பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்கு உண்மை வந்துவிடும். கொட்டாவி மாதிரி, அடக்கவே முடியாது. மூன்றாம் வகுப்பில் சாக்பீஸ் பெட்டி காணாமல் போனபோது வாத்தியார் மேசையிலிருந்து பிரம்பைக் கையில் எடுக்கத்தான் செய்தார். திருடியவன் பெயர், ஒளித்து வைத்த இடம், போதாததற்கு அதற்கு முந்தின வாரம் நான் தனியாகச் செய்திருந்த ஒரு குற்றம் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்துவிட்டேன். (அவர் பிரம்பை எடுத்தது சுவரில் இருந்த பல்லியை விரட்ட.)

இப்படி ஒரு வியாதி உள்ளவன் டிராவல்ஸ் ஆபீசில் வேலைக்குச் சேரலாமா? சேர்ந்தேன். தொண்ணூறுகளின் கடைசி. எனக்கு இருபத்தேழு வயது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறை, ஒரு போன், ஒரு அம்பாசிடர், அதை ஓட்ட காதர் பாய், அப்புறம் நான். எங்கள் முதலாளிக்குத் தொழில் தர்மம் ஒன்றுதான்: வந்தவரிடம் 'இல்லை' என்று சொல்லக்கூடாது. யானை வேண்டும் என்று கேட்டால், 'எத்தனை மணிக்கு?' என்றுதான் கேட்க வேண்டும்.

அந்த டிசம்பரில் கொடைக்கானலிலிருந்து ஒரு பிரெஞ்சுத் தம்பதியர் போன் செய்தார்கள். பிலிப், ஹெலன், இருவருக்கும் அறுபது வயதுக்கு மேல். ஊரில் அவர்களே குடும்பமாகத் திராட்சை போட்டு, நுரை பொங்குகிற ஒயின் செய்கிறவர்களாம். திண்டுக்கல்லில் திராட்சை விளைகிறது என்று கேள்விப்பட்டிருக்கிறார்கள். அப்படியானால் அங்கேயும் சின்னச் சின்னக் குடும்பங்கள் நுரை ஒயின் செய்யுமே, அரை நாள் சுற்றிக் காட்ட முடியுமா என்று கேட்டார்கள்.

நுரை ஒயினா? எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு ஒயின் போடுவது உண்டுதான். பன்னீர்த் திராட்சை, சீனி, பட்டை, கிராம்பு, ஒரு பிடி கோதுமை, பீங்கான் ஜாடி. அது இருமல் மருந்துக்கும் ஜாமுக்கும் நடுவில் ஏதோ ஒன்றாக வரும். அதில் நுரையை நான் பார்த்ததே இல்லை.

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன்.

இங்கேதான் என் மூளை தேவைக்கு மேல் வேலை செய்தது. அப்போது எனக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண் பெயர் ஜெசிந்தா, பள்ளிக்கூட டீச்சர். கோயிலில் ஒரே ஒரு முறை பார்த்திருந்தேன். அதற்குள் எங்கள் மூன்றாவது பிள்ளைக்குப் பெயர் வைக்கும் வரை போயிருந்தேன். அவளுடைய அப்பா சவரிமுத்துவுக்குச் சிறுமலை அடிவாரத்தில் திராட்சைத் தோட்டம், தோட்டத்திலேயே வீடு. அவருக்குத்தான் மனசு வரவில்லை. "டிராவல்ஸுன்னா என்ன வேல? கார் கதவத் தொறந்து விடுறதா?" என்று தரகரிடம் கேட்டாராம். கிறிஸ்துமஸ் கழிந்து முடிவு சொல்கிறேன் என்றிருந்தார்.

வெள்ளைக்காரர்கள் இரண்டு பேரை அவர் தோட்டத்திலேயே கொண்டுபோய் இறக்கி, நான் இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசினால்? மூன்று வீடு பார்க்கும் டூரில் மூன்றாவது வீடு மாமனார் வீடு! விருந்தாளிகளோடு வருகிறேன் என்று அவருக்குச் சொல்லி அனுப்பினேன்.

முதல் வீடு, ஓய்வுபெற்ற மரியதாஸ் வாத்தியார் வீடு. ஜாடியைத் திறப்பதற்கு முன் முக்கால் மணி நேரம் பாடம் நடத்தினார். பிறகு ஒயின் வந்தது. ஊற்றியவர் முதலில் ஒரு வாய் குடித்துக் காட்ட வேண்டும், அப்புறம்தான் விருந்தாளி குடிக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து மரியாதை. கூட்டி வந்தவன் என்ற முறையில் நானும் குடித்துக் காட்டினேன். (இரண்டே இரண்டு மடக்கு.) பிலிப் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அசைத்தார். காதருகே வைத்துக்கூடக் கேட்டார்.

"பபிள்?" என்றார் வருத்தமாக.

"நெக்ஸ்ட் ஹவுஸ், சார்," என்றேன்.

இரண்டாவது வீட்டில்தான் என் சாமர்த்தியம் இருந்தது. தனிஸ்லாஸ் அண்ணன் வீட்டு முன்கட்டில் கோலி சோடா போடுகிறவர். முந்தின நாளே அவரிடம் போய்க் கெஞ்சியிருந்தேன். "நுரைதான வேணும் அந்த மனுசனுக்கு? நான் ஏத்தித் தாரேன் போ," என்று சொல்லியிருந்தார். சொன்னபடியே, வீட்டு ஒயினைக் கோலி சோடா பாட்டில்களில் ஊற்றி, சோடா மெஷினில் மாட்டி, கேஸைத் திறந்து, கைப்பிடியைக் கரகரவென்று சுற்றினார். கோலி மேலே ஏறி வாயை அடைத்துக்கொண்டது. கட்டை விரலால் அமுக்கியதும் 'ப்ப்பீய்ங்' என்று ஒரு சத்தம், அதற்குப் பின்னால் ஊதா நிறத்தில் ஒரு நீரூற்று.

ஹெலன் அம்மாள் கைதட்டினார். பிலிப்புக்குக் கண் கலங்கியது. (கண்ணுக்குள் ஒயின் போயிருந்தது.) தாங்கள் மாதக்கணக்கில் இருட்டறையில் பாட்டிலைப் பூட்டி வைத்து நுரை வரக் காத்திருப்பதாகவும், இவர் ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டார் என்றும் சொன்னார். அது பாராட்டா ஒப்பாரியா என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது வீட்டிலும் நுரை கேட்டால் என்ன செய்வது? ஒரு டஜன் பாட்டிலைப் பெட்டியோடு கேட்டு வாங்கிக்கொண்டேன். தனிஸ்லாஸ் அண்ணன் அதைக் காரில் வைக்கும்போது காதோரம் சொன்னார்:

"ஏலே ஆரோக்கியம், வெயில்ல வைக்காத, ஆட்டாத. அப்புறம் இன்னொண்ணு. வீட்டுக்குள்ள குடிச்சா அது கிறிஸ்துமஸு. ரோட்டுல பெட்டியோட போனா அது கேஸு. காக்கிச்சட்ட கண்ணுல படாமப் போயிரு அப்பு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்தச் சிரிப்பு என் காதுக்குள் நுழையவில்லை, 'கேஸு' மட்டும் நுழைந்தது. வழியெல்லாம் பின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தேன். "கழுத்து சுளுக்கிக்கிரும் தம்பி," என்றார் காதர் பாய்.

சவரிமுத்து தோட்டம் ரோட்டை ஒட்டியது. திராட்சைப் பந்தல் தலையில் இடிக்காத உயரம், ஓரங்களில் மட்டும் கொடிகள் இடுப்பு வரை தொங்கிக்கொண்டிருந்தன. பந்தலுக்கு அடியில் பாய் விரித்து, முறுக்கு, அதிரசம் எல்லாம் வைத்திருந்தார்கள். சவரிமுத்து வெள்ளை வேட்டியில் வந்து பிலிப்பின் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கில், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை பிலிப்தானோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"நம்ம வீட்டுல மூணு ஜாடி சார். ஒண்ணு இந்தா இருக்கு. ரெண்டு அடுக்களையில, அரிசி மூட்டைக்குப் பின்னாடி," என்று பெருமையாகச் சொன்னார். நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். அதற்குள் ஜெசிந்தா வந்து நின்று, சரளமான இங்கிலீஷில், ஜாடி, புளிக்கிற நாள், கோதுமை எதற்கு என்பது வரை ஹெலனிடம் பேச ஆரம்பித்தாள். 'திஸ் இஸ் கிரேப்' என்ற என் தயாரிப்பு வாக்கியம் தொண்டையிலேயே தங்கிவிட்டது.

பரவாயில்லை. சவரிமுத்து என்னைப் பார்த்து முதல் முறையாகச் சிரித்தார். "இம்புட்டுத் தூரத்துலருந்து ஆள் கூட்டி வாரீங்க. பெரிய வேலதான் தம்பி," என்றார். கல்யாணப் பத்திரிகையே அச்சாகி வந்த மாதிரி இருந்தது எனக்கு. அந்தச் சந்தோஷத்தில் சோடாப் பெட்டியைப் பந்தலுக்கு அடியில் கொண்டுவந்து வைத்தேன்.

அப்போதுதான் விசில் அடித்தது.

ரோட்டுப் பக்கமிருந்து நீளமாக ஒன்று. அடுத்து குட்டையாக இரண்டு. தொங்கிய கொடிகளுக்குக் கீழே பார்த்தேன். ஒரு ஜோடி காக்கிக் கால்சட்டை, கறுப்புச் செருப்பு. இடுப்புக்கு மேலே இலை. அந்தக் கால்கள் நேராக எங்களை நோக்கி வந்தன.

ரெய்டு!

"டவுன்! டவுன்! ஸ்லீப்!" என்று கத்தினேன். பாவம், அந்த இரண்டு பேரும் இதுவும் டூரில் ஒரு அங்கம் என்று நினைத்து, பயபக்தியோடு பாயில் குப்புறப் படுத்துவிட்டார்கள். (அவர்களைக் காப்பாற்றத்தான் சொன்னேன்.) பெட்டியிலிருந்து கைக்கு வந்த மூன்று பாட்டில்களை உருவி என் வெள்ளைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு நானும் படுத்தேன்.

"தம்பி, அது நம்ம..." என்று காரிலிருந்து காதர் பாய் ஏதோ சொல்ல வந்தார்.

"சத்தம் போடாதீங்க பாய்!" என்று நான்தான் சத்தம் போட்டேன்.

அந்தக் காலத்தில் நான் ஒல்லி. என் விலா எலும்பு கோலி அமுக்குகிற கட்டைக்குச் சமம். படுத்த வேகத்தில் முதல் கோலி இறங்கியது. 'ப்ப்பீய்ங்.' அடுத்து இரண்டாவது. மூன்றாவது தாடைக்கு நேராகப் பீய்ச்சியது. நெஞ்சிலிருந்து வயிறு வரை சட்டை சிவந்து வழிய நான் எழுந்து நின்றதைப் பார்த்ததும் ஜெசிந்தாவின் அம்மா, "ஐயோ மாதாவே, ரத்தம்!" என்று அலறி அதிரசத் தட்டைக் கீழே போட்டார்.

கொடியை விலக்கிக்கொண்டு காக்கி உள்ளே வந்தது. என் கைகள் தானாக மேலே போயின. வாய் தானாகத் திறந்தது.

"ஐயா, நான் வெறும் கைடு! எதுவும் என்னோடது இல்ல. முதல் ஜாடி மரியதாஸ் சார் வீட்டுல, பின்கட்டுல இருக்கு. இந்தப் பெட்டி சோடாக் கட தனிஸ்லாஸ் அண்ணன் குடுத்தது, மெஷினும் அங்கதான் இருக்கு. இந்த ஜாடி இவரோடது, சவரிமுத்து. அந்தா, வெள்ள வேட்டி. அடுக்களையில இன்னும் ரெண்டு இருக்கு. அரிசி மூட்டைக்குப் பின்னாடி!"

காலையிலிருந்து அரை நாளாக நடத்திய டூரை அரை நிமிஷத்தில் மறுபடியும் நடத்திக் காட்டினேன். உண்மையைச் சொன்னால், இது முதலாவதைவிடத் தெளிவாக இருந்தது.

காக்கிச்சட்டைக்காரர் என்னைப் பார்த்தார். கீழே படுத்திருந்த பிரெஞ்சுக்காரர்களைப் பார்த்தார். அவர் தோளில் தோல் பை தொங்கியது. விரலிடுக்கில் டிக்கெட் கட்டு. கழுத்தில் விசில்.

"கைய எறக்கு அப்பு," என்றார். "நான் டிக்கெட்டுதான் குடுப்பேன். கேஸு குடுக்க மாட்டேன்."

ஜெசிந்தாவின் தாய்மாமன், சேவியர். பஸ் கண்டக்டர். வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி இறங்கிக்கொண்டு, டிரைவரைச் செத்த நேரம் நிற்கச் சொல்லி விசிலடித்துவிட்டு, அக்கா வீட்டுக்கு வந்திருக்கும் மாப்பிள்ளைப் பையனை ஒரு கண் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர். ரோட்டில் நின்ற பஸ்ஸின் ஜன்னல்களிலிருந்து அத்தனை பயணிகளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஹெலன் அம்மாள் தலையைத் தூக்கி, எழுந்திருக்கலாமா என்று கேட்டார்.

சவரிமுத்து மெதுவாகத் துண்டை உதறித் தோளில் போட்டார். "யூதாசுகூட முப்பது வெள்ளிக்காசு வாங்கிக்கிட்டுத்தான் காட்டிக்கொடுத்தான். இந்தப் பய சும்மாவே காட்டிக்கொடுத்துட்டான். இவனுக்கா எம்மகள?" என்றார்.

அவ்வளவுதான். மூன்று பிள்ளைகளும், வைத்த பெயர்களோடு, பஸ் ஏறிப் போய்விட்டார்கள். நான் சொட்டச் சொட்டக் காரை நோக்கி நடந்தேன். காதர் பாய் சீட்டில் செய்தித்தாளை விரித்துக்கொண்டிருந்தார். "கண்டக்டர்னு சொல்ல வந்தேன் தம்பி," என்றார்.

பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. ஜெசிந்தா. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுத் தன் அப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது:

"எனக்கு இவரு போதும்ப்பா."

"என்ன புள்ள சொல்ற? கிறுக்கா உனக்கு?"

"யோசிச்சுப் பாருங்க. ஒரு விசிலுக்கு இம்புட்டு உண்மை சொல்ற ஆம்பளய வேற எங்க தேடுவீங்க?"

சேவியர் மாமாதான் முதலில் சிரித்தார். "அக்கா, கழுத கேக்குறது நாயந்தான?" என்றவர், பஸ்ஸில் ஹாரன் அலற அலற நின்று பேசி, மச்சானின் கோபத்தைப் பாதி இறக்கிவிட்டுத்தான் ஏறினார். மீதியை இறக்க ஈஸ்டர் வரை ஆனது.

பிலிப்பும் ஹெலனும் இரண்டு வருஷம் கழித்து ஒரு போட்டோ அனுப்பினார்கள். அவர்கள் ஊர்த் திராட்சைத் தோட்டத்தில் பத்துப் பதினைந்து பேர் குப்புறப் படுத்திருக்கிறார்கள். அறுவடை ஒயினைத் திறக்குமுன் 'இந்திய முறைப்படி' கும்பிடுகிறார்களாம். நான் மறுத்து எழுதவில்லை. 'இல்லை' என்று சொல்லக்கூடாது என்பது தொழில் தர்மம்.

கல்யாணத்துக்குச் சேவியர் மாமா மோதிரம் போட்டார். அது எனக்கு. ஜெசிந்தாவுக்குச் சின்ன வெல்வெட் பெட்டியில் அந்த விசிலைக் கொடுத்தார். இருபது வருஷத்துக்கு மேலாக அது எங்கள் வீட்டுச் சமையலறை ஆணியில் தொங்குகிறது. பக்கத்து வீட்டில் வாக்குவாதம் என்றால் மணிக்கணக்கில் நடக்கும். எங்கள் வீட்டில் ஒரு நீள விசில், நான் கையைத் தூக்குவேன், விசாரணை முடிந்துவிடும். பிள்ளைகளும் இப்போது கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்துப் படித்துப் பார்க்கக் கொடுத்தேன். ஜெசிந்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரை படித்தாள். எழுந்து சமையலறைக்குப் போனாள்.

விசில் அடித்தது.

அன்றைக்கு நான் குடித்தது இரண்டு மடக்கு இல்லை. வீட்டுக்கு மூன்று டம்ளர். அப்புறம், அந்தப் பிரெஞ்சுக்கார அம்மாளைப் படுக்கச் சொன்னது அவரைக் காப்பாற்ற இல்லை. அவருக்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்ள.