கீறல்காட்டி

திசைகாட்டி வடக்கைக் காட்டும், நாட்காட்டி கிழமையைக் காட்டும், இவர் கீறலைக் காட்டுவார். அடுத்தவர் கார்களுக்குப் பாலிஷ் போட்டு மெழுகு பூசும் தொழிலில் செழித்து வளரும் இந்த இனத்துக்குக் கீறல்காட்டி என்று நானாகவே பெயர் வைத்துவிட்டேன். ஆட்சேபணை உள்ளவர்கள் தங்கள் வண்டியை ஒரே ஒரு தடவை இவரிடம் விட்டுப் பார்த்துவிட்டு வந்து என்னோடு சண்டை போடலாம்.

அடையாளம் காண்பது சுலபம். தெருவோரம் நிற்கும் ஏதோ ஒரு காரின் எதிரே, தலையை இடது தோளில் சாய்த்து, வலது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கோழி தானியத்தைப் பார்ப்பதுபோல் ஒருவர் நிற்கிறாரா? பிறகு குனிந்து, பானெட்டின்மேல் 'ஹா' என்று மூச்சு விட்டு, சட்டைக் கை நுனியால் துடைத்து, மறுபடியும் சாய்ந்து பார்த்து, 'ச்சு' கொட்டுகிறாரா? அவரேதான். அந்தக் கார் அவருடையதல்ல. அவருடைய சொந்தக் கார் என்ன நிறம் என்பதில் அவர் மனைவிக்கே சந்தேகம் உண்டு.

கார் என்றால் இவருக்கு உயிர். அதை யாராவது ஓட்டினால்தான் பிடிக்காது. வெயில், மழை, தூசி, காக்கை, மோதிரம் போட்ட விரல், பானெட்டில் சாய்ந்துகொண்டு போனில் பேசுகிறவர்கள் என்று காரின் பகைவர்களை இவர் மூச்சு விடாமல் ஒப்பிப்பார். பட்டியலின் உச்சியில் இருப்பவர் காரின் சொந்தக்காரர். அந்தச் சொந்தக்காரர்தானே இவருக்குச் சோறு போடுகிறார் என்கிறீர்களா? ஆமாம், அதனால்தான் நேரில் 'சார்' என்கிறார்.

நீங்கள் இவர் கடைக்குப் போகும்போது உங்களிடம் ஒரு நல்ல கார் இருக்கும். இவர் விளக்கைப் போடுவார். அப்புறம் இருக்காது.

"பாத்தீங்களா?"

"எத?"

"கொஞ்சம் சாஞ்சு பாருங்க. இன்னும். ஒரு கண்ண மூடுங்க."

"ஐயையோ!"

"நான் எதுவும் சொல்லல. யாரு கழுவுறது?"

"நான்தான்... ஞாயித்துக்கிழமைல..."

"எதால துடைக்கிறீங்க?"

"பழைய பனியன்..."

இந்த இடத்தில் இவர் ஒன்றும் பேசமாட்டார். அந்த மௌனம் இருக்கிறதே, அதற்குப் பதில் இரண்டு அறை வாங்கிக்கொண்டு போய்விடலாம். சிலந்தி வலை வலையாக உங்கள் பானெட் முழுவதும் நெளியும் கீறல்களைப் பார்த்தபடி, குழந்தையைத் தொட்டிலிலிருந்து தவறவிட்டவர்போல நிற்பீர்கள். வண்டியை மூன்று நாள் விட்டுவிட்டு, நீங்களாகவே நடந்து வீட்டுக்குப் போவீர்கள்.

எனக்குத் தெரிந்த கீறல்காட்டியின் கடையில் இரண்டு அறைகள். முன்னறையில் மேசை, சாவிகள் தொங்கும் பலகை, சுவர்க் கடிகாரம், மனைவி. வண்டிகளுக்குத் தேதி கொடுப்பதும், போன் எடுப்பதும், கணவர் அந்த வாரம் பேசியதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்பதும் அந்த அம்மாளின் பொறுப்பு. பின்னால் ஷெட். தூசி வந்துவிடும் என்று ஷட்டரை எப்போதும் இறக்கியே வைத்திருப்பார். உள்ளே உருளும் காலில் நிற்கும் அந்த விளக்குதான் வெளிச்சம், தெய்வம் எல்லாம்.

அந்த ஷெட்டுக்கு ஒருநாள் ஒரு நீலக் கார் வந்தது. பக்கத்துத் தெருத் தையல்காரருடையது. ஏற்கெனவே இரண்டு குழந்தைகள். மூன்றாவது ஒன்று வரும் என்று எதிர்பார்த்திருந்த வீட்டில், ஆஸ்பத்திரியிலிருந்து இரட்டை என்று செய்தி வந்தது. நீலக் காரில் முன்னால் இருவர், பின்னால் மூவர் உட்காரலாம். ஆறாவது ஆளை மடித்துத்தான் வைக்கவேண்டும். யாரோ ஒருவர் பழைய வேன் ஒன்றை விற்கிறார், வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிவரை மற்றவருக்குக் கொடுக்காமல் நிறுத்தி வைக்கிறேன் என்றும் சொல்லிவிட்டார். நீலக் கார் போனால்தான் வேன் வரும். சனிக்கிழமை காலையில் தாயும் பிள்ளைகளும் வீட்டுக்கு வருகிறார்கள்.

"அண்ணே, ஒரு பல் டாக்டர் வாங்குறேன்னு சொல்லிருக்காரு. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு இங்கயே வந்து பாக்குறாராம். பளபளன்னு பண்ணிக் குடுத்துருங்கண்ணே. உங்களத்தான் நம்பிருக்கேன்."

இரண்டு நாள் வேலை நடந்தது. நீரால், நுரையால், மெஷினால், கடைசியில் வெறும் கையால். காரில் ஆயிரம் கீறல். எண்ணினாரா என்று கேட்காதீர்கள், எண்ணினார். அவற்றில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு போயின. ஆழமாக விழுந்திருந்த நான்கு மட்டும் போகமாட்டேன் என்றன. நியாயமாகப் பார்த்தால் மனிதர் விசில் அடித்துக்கொண்டு டீ குடிக்கப் போயிருக்கவேண்டும். ஆனால் போன கீறலை யாருக்காவது காட்ட முடியுமா? இருக்கிற கீறலைத்தானே காட்ட முடியும்?

வெள்ளிக்கிழமை மூன்றே முக்காலுக்கு மனைவி ஷெட்டுக்குள் வந்தார்.

"இதோ பாருங்க. அந்த டாக்டர் வந்தா உங்க கை விளக்குப் பக்கம் போகக்கூடாது."

"போகாது."

"வாயும் போகக்கூடாது."

"போகாதுன்னு சொல்றேன்ல. நான் என்ன பச்சப் புள்ளையா?"

"பச்சப் புள்ளைங்கதான் ரெண்டு அங்க காத்துக்கிட்டு இருக்கு. ஞாபகம் இருக்கட்டும்."

பதினோரு நிமிடம் தாக்குப்பிடித்தார். அவர் குடும்பத்தில் இதற்கு முன் யாரும் இவ்வளவு நேரம் தாக்குப்பிடித்ததில்லை. டாக்டர் வந்தார்; முன்பே வந்து காத்திருந்த தையல்காரர் பார்த்துக்கொண்டிருக்க, அரைகுறை வெளிச்சத்தில் காரைச் சுற்றி வந்தார்; முகம் மலர்ந்தார். செக் எழுதப் பேனாவைக்கூட எடுத்துவிட்டார். எடுத்தவர் சும்மா இருக்கக்கூடாதா?

"அடேயப்பா! ஒரு கீறல்கூட இல்லையே!"

தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டார். தகுதியில்லாத பாராட்டை வாங்கிக்கொள்ள ஆயிரம் பேர் வரிசையில் நிற்கும் உலகத்தில், ஒரு கீறல்காட்டி மட்டும் வாங்கமாட்டார்.

"நாலு இருக்கு சார்."

விளக்கு எரிந்தது.

வந்தவர் சாதாரண மனிதராக இருந்திருந்தால் தலைதெறிக்க ஓடியிருப்பார். ஆனால் நாள் முழுவதும் ஊரார் வாய்க்குள் வெளிச்சம் அடித்துக் குறை தேடுகிறவர், ஓடுவாரா? தலையைச் சாய்த்தார். ஒரு கண்ணை மூடினார். சட்டைப் பையிலிருந்து நீளக் காம்பு வைத்த குட்டிக் கண்ணாடி ஒன்றை எடுத்து, கதவுக் கைப்பிடியின் அடியில் விட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பின் கதவு, கீழ் வரிசை, ஒண்ணு," என்றார்.

"கரெக்ட் சார்!"

"முன் பம்பர், இடது மூலை, ஒண்ணு. இதென்ன, கொஞ்சம் ஆழமா இருக்கே."

"சார், இத்தன வருஷத்துல இப்படிக் கண்டுபிடிச்ச மொத ஆள் நீங்கதான் சார்!"

"அண்ணே," என்றார் தையல்காரர் ஈனசுரத்தில். "மணி நாலரைண்ணே."

யார் கேட்டார்கள்? பிறவியிலேயே பிரிந்துபோன அண்ணன் தம்பி இருவர் ஒரு காரின் அடியில் சந்தித்துக்கொண்டிருந்தார்கள். நான்கையும் பார்த்து முடித்து, ஐந்தாவதாக ஒன்றையும் கண்டுபிடித்தபோது கீறல்காட்டிக்கு ஆனந்தம் தாங்கவில்லை. வாய்விட்டுச் சிரித்தார். அங்கேதான் வினை. டாக்டர் விளக்கின் கழுத்தை மெல்லத் திருப்பினார்.

"அசையாதீங்க. ஆ காட்டுங்க."

"ஆ?"

"இன்னும் பெருசா. எதால தேய்க்கிறீங்க?"

"பிரஷ்தான் சார்... அது எப்ப வாங்கினதுன்னு..."

டாக்டர் ஒன்றும் பேசவில்லை. ஆம், அதே மௌனம். இருபது வருடமாக அடுத்தவர்களுக்குக் கொடுத்துவந்ததை நம்மவர் முதன்முதலாக வாங்கிக்கொண்டு, திறந்த வாய் திறந்தபடி நின்றார்.

இதற்குள் மணி ஐந்தே கால். தையல்காரராவது புத்தியோடு இருந்திருக்கலாம். இருக்க முயன்றார். டாக்டர் உள்ளே நுழைந்த நொடியிலேயே தன் கண்ணில் பட்டுவிட்ட ஒன்றை, தன் நான்கு குழந்தைகளையும் மனதில் நினைத்து, இவ்வளவு நேரம் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டிருந்தார். இப்போது கீறல்காட்டியின் வாய்க்குப் போன வெளிச்சம் டாக்டரின் தோளிலும் விழுந்து, அதை அங்குலம் அங்குலமாகக் காட்டியது. எத்தனை பிள்ளை பெற்றால்தான் என்ன, ஒருவன் தையல்காரன்தானே?

"சார், கோவிச்சுக்காதீங்க. இந்தத் தோள்பட்டை எந்தப் படுபாவி தச்சது?"

"ஏன்? என்ன அதுக்கு?"

"இடது பக்கம் ஒரு விரக்கடை எறங்கியிருக்கு சார். நேரா நில்லுங்க. மூச்ச விடாதீங்க."

கழுத்தில் கிடந்த அளவு நாடா கைக்கு வந்தது. காதில் செருகியிருந்த சாக்கட்டியும் வந்தது. டாக்டர் கீறல்காட்டியின் வாய்க்குள் பார்க்க, தையல்காரர் டாக்டரின் தோளில் கோடு போட, கீறல்காட்டி அண்ணாந்த நிலையிலேயே கண்ணை மட்டும் உருட்டித் தையல்காரர் பெல்ட்டின் பித்தளைப் பூட்டிலிருந்த கீறல்களை எண்ண, மூவரும் விளக்கைச் சுற்றி ஒரு வட்டமாகிவிட்டார்கள். நீலக் காரை ஒருவரும் பார்க்கவில்லை.

முன்னறைக் கடிகாரத்தை மட்டும் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தரைக்கு அந்த அம்மாள் எழுந்து வந்தார். விளக்கை அணைத்தார். ஷட்டரை இரண்டு கையாலும் பிடித்து மேலே தள்ளினார்.

"தூசி!" என்று அலறினார் கணவர்.

"வரட்டும்."

தெருவில் சாதாரணமான ஒரு சாயங்கால வெளிச்சம் இருந்தது. அது உள்ளே வந்தது. ஷெட்டின் நடுவில் அழகான ஒரு நீலக் கார் நின்றது. பக்கத்தில் நல்ல பற்கள் உள்ள ஒருவரும் நல்ல சட்டை போட்ட ஒருவரும், கையில் சாக்கட்டியோடு ஒருவரும் விழித்துக்கொண்டு நின்றார்கள்.

"டாக்டர், நீங்க இந்த வண்டிய ஓட்டப் போறீங்களா, இல்ல விளக்கத் தூக்கிக்கிட்டு அது பின்னாடியே நடக்கப் போறீங்களா?"

டாக்டர் யோசித்தார். "ஓட்டத்தாம்மா."

"அப்ப சாவி இந்தாங்க. கையெழுத்து இங்க."

போட்டார். போட்ட பிறகுதான், வண்டி வாங்குகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி அவருக்கு நினைவு வந்தது.

"ஆமா, இன்ஜின் எப்படி?"

"எனக்குத் தெரியாது சார்," என்றார் கீறல்காட்டி. "உள்ள ஏதோ இருக்குன்னு சொல்வாங்க."

"சூப்பரா ஓடும் சார்!" என்ற குரல் தெருமுனையிலிருந்து வந்தது. செக்கோடு தையல்காரர் ஓட ஆரம்பித்து அரை நிமிடம் ஆகியிருந்தது.

நீலக் கார் வாசலைத் தாண்டியதும், மரத்தில் காத்திருந்த காக்கை தன் கடமையைச் செய்தது. பானெட்டின் நட்ட நடுவில். கீறல்காட்டி துணியை எடுத்துக்கொண்டு பாய்ந்தார். மனைவி வாசலில் குறுக்கே நின்றார். அவ்வளவு அகலமாக அந்த அம்மாள் நின்று நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை கடைமுன் ஒரு வேன் வந்து நின்றது. உள்ளே ஆறு பேர். யாரையும் மடித்து வைக்கவில்லை. தையல்காரர் இரட்டையரைக் காட்டத்தான் வந்திருந்தார். கீறல்காட்டி வேனின் பக்கமே பார்க்காமல், மிகுந்த கட்டுப்பாட்டோடு, குழந்தைகளின் அருகில் போனார். தலை மெல்லச் சாய்ந்தது.

"இந்தப் புள்ளைக்கு மூக்கோரத்துல..."

"என்னங்க!"

"மச்சம் இருக்கு. அழகா இருக்குன்னு சொல்ல வந்தேன்."

இந்த இனத்தைக் கடையில் மட்டும்தான் காணலாம் என்று நினைத்து நிம்மதியாக இருக்கிறீர்கள், இல்லையா? ஒரு சின்னச் சந்தேகம். ஆயிரம் கீறலில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு போனால் மீதி நான்குதானே, ஐந்தாவது எங்கிருந்து வந்தது என்று அப்போதே உங்களுக்கு உறுத்தியதா? இரட்டைக் குழந்தை, காக்கை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அதை என்னிடம் கேட்கவேண்டும் என்று இவ்வளவு நேரம் காத்திருந்தீர்களா?

சரி. தலையை நிமிர்த்துங்கள். அந்தக் கண்ணையும் திறந்துகொள்ளுங்கள்.