வேகநாதரின் செம்புத் தகடு

கடை இருந்தது மூன்றாம் மாடியில். வரிசையின் வால் இருந்தது முதல் மாடிக் கழிப்பறை வாசலில். அவசரத்துக்கு உள்ளே போனவர்கள்கூட வெளியே வந்ததும் வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். இத்தனை பேர் நிற்கிற இடத்தில் ஏதாவது இல்லாமலா இருக்கும்? ஒருவர் வெகுநேரம் நின்று கால் கடுத்த பிறகு முன்னால் நின்றவரிடம் என்ன தருகிறார்கள் என்று விசாரித்தார். "வேகம்" என்றார் அவர். இவர் தலையாட்டிவிட்டு, கொண்டுவந்த துணிப்பையை விரித்துப் பிடித்துக்கொண்டார்.

கடை வாசலில் ஆள் உயர எழுத்துகளில் தொங்கியது அறிவிப்பு: 'தகடு இருக்கையில் தனியாக எதற்குக் கிராபிக்ஸ் கார்டு?'

விளையாட்டுக்கென்று லேப்டாப் வாங்கப் போகிறவர்களின் துயரம் தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு வரியே போதும். ஆசை உச்சிக் கிளையில் இருக்கும், கை அடிமரத்தைத் தாண்டாது. விளையாட்டைத் திரையில் தடங்கல் இல்லாமல் ஓட்டுவது கிராபிக்ஸ் கார்டு என்ற பகுதி. அது நல்லதாக இருந்தால் லேப்டாப் விலை ஏறும். விலை இறங்கினால் அது சோப்ளாங்கியாக இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறவர்களைக் கைதூக்கிவிடத்தான் அவதரித்திருந்தார் வேகநாதர்.

கறுப்பு முழுக்கைச் சட்டை, வெள்ளிச் சரிகைக் காலர், கழுத்தில் பெரிய ஹெட்செட். ஹெட்செட்டின் வயர் எதிலும் சொருகப்படாமல் முழங்கால் வரை தொங்கியது. மேலிடத்தோடு நேரடித் தொடர்பு போலிருக்கிறது. போன வருஷம் வரைக்கும் இதே கடையில் செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தவர் என்று கீழ்த்தளத்துத் தையல்காரர் சொன்னார். குமிழி இல்லாமல் ஒரு கண்ணாடி ஒட்டத் தெரியாது என்றும் சொன்னார். ஞானம் என்பது அப்படித்தான், ஒரு வேலையும் சரியாக வராதவர்களைத் தேடி வந்து அடையும்.

அவருடைய சித்தாந்தம் எளிமையானது. எல்லா லேப்டாப்புக்குள்ளும் ஓர் உயிரோட்டம் உண்டு. கம்பெனிக்காரன் அதைத் தட்டித் தூங்க வைத்துத்தான் பெட்டியில் போடுகிறான். எழுப்பத் தெரிந்தால் மலிவு லேப்டாப்பும் குதிரையாகும். எழுப்புவது உள்ளங்கை அகலத்தில் ஒரு செம்புத் தகடு. அதில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், நடுவில் ஒரு கண். அதை லேப்டாப்புக்கு அடியில் வைத்துவிட்டால் வேகம் இரட்டிப்பு.

விலையா? மலிவு லேப்டாப்பின் விலையோடு தகட்டின் விலையைக் கூட்டினால், பக்கத்து அலமாரியில் தூசி படிந்து கிடந்த, நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்ட லேப்டாப்பின் விலை அப்படியே வந்தது. யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. பக்திக்கும் கூட்டல் கணக்குக்கும் என்றைக்குமே ஆகாது.

இந்தக் கூட்டத்தில் என் மகனும் இருந்தான் என்பதைச் சொல்லாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. பாலம் கட்டுகிற எஞ்சினியர். சிமெண்டைக் கையில் எடுத்து முகர்ந்தே குறை சொல்லுகிறவன். வேகநாதரின் வீடியோவைப் பார்த்துவிட்டு வீட்டில் ஒரு வாரம் தகட்டின் மகிமையைப் பாடினான். அன்றிலிருந்து அவன் கட்டிய பாலம் எதிரே வந்தால் நான் ஆற்றையே சுற்றிக்கொண்டு போகிறேன்.

லேப்டாப் அவனுக்கல்ல, என் மருமகளுக்கு. மருந்துக்கடை நடத்துகிறவள். அவளுக்கு ஒரே அண்ணன், கடல் தாண்டி வேலை பார்க்கிறான். போனில் பேசினால் அவன் வாயில் பூட்டு. சாப்பிட்டியா, நல்லா இருக்கியா, சரி வைக்கிறேன், அவ்வளவுதான் பாசம். ஆனால் வாரம் ஒருமுறை இருவரும் சேர்ந்து ஒரு போர் விளையாட்டு ஆடுவார்கள். இடிந்த சுவருக்குப் பின்னால் இரண்டு பொம்மைச் சிப்பாய்களாகப் பதுங்கிக்கொண்டு, எதிரி வருகிறானா என்று பார்த்துக்கொண்டே அவன் மனசைத் திறப்பான். மனைவி விட்டுப் போனதை அவன் சொன்னதே அப்படி ஒரு சுவருக்குப் பின்னாலிருந்துதான். பிறகு மருமகளின் பழைய லேப்டாப் புகை கக்கி உயிரை விட்டது. அன்றிலிருந்து மறுபடியும் சாப்பிட்டியா, சரி வைக்கிறேன். அண்ணன் தனியாக என்ன நினைத்துக்கொண்டிருக்கிறானோ என்று இவளுக்குச் சோறு தண்ணீர் செல்லவில்லை. சேர்த்து வைத்த பணம் ஒரு லேப்டாப்புக்குத்தான் வரும். தப்பாக வாங்கினால் இன்னொன்று வாங்க வழியில்லை.

ஆகவே மூன்று பேரும் போனோம். நான் எதற்கா? வேலையிலிருந்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள், வேடிக்கை பார்ப்பதிலிருந்து யார் ஓய்வு கொடுப்பது?

உள்ளே நூறு பேர் நிற்கிற இடத்தில் லட்சம் பேர் நின்றார்கள். எனக்கு முன்னால் ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஒருவர். வாழ்நாள் முழுக்க இரண்டு ஜாமீன் இல்லாமல் யாருக்கும் கடன் கொடுக்காத மனிதர். இங்கே ஒரு கேள்வியும் கேட்காமல் பேரனுக்கும் பேத்திக்குமாக இரண்டு தகடு வாங்கிவிட்டு, மூன்றாவதற்கு நின்றார். மூன்றாவது யாருக்கு என்று கேட்டேன். இனிமேல் பிறக்கப் போகிற பேரனுக்காம்.

வேகநாதர் மேசை மேல் ஒரு மலிவு லேப்டாப்பை வைத்தார். திரையில் கார்ப் பந்தயம். மூலையில் ஓர் எண் மினுங்கியது. நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்று காட்டுகிற எண் அது. ஏறினால் விளையாட்டு வழுக்கிக்கொண்டு போகும், இறங்கினால் திக்கித் திணறும்.

முதல் காரியமாகச் சார்ஜர் வயரைப் பிடுங்கினார். மின்சாரத்தில் ஊர்ப் பாவமெல்லாம் கலந்து வருகிறதாம், முதலில் அது வடிய வேண்டுமாம். பாவம் வடிந்தது. எண் இருபத்துநாலுக்கு வந்தது. பந்தயக் கார் மூட்டுவலிக்காரர் படியிறங்குவது போல நகர்ந்தது. கூட்டம் உச்சுக் கொட்டியது.

பிறகு கண்ணை மூடினார். தகட்டை நெஞ்சில் தேய்த்தார். உதடு அசைந்தது. லேப்டாப்பைத் தூக்கி அடியில் தகட்டைச் செருகினார். "சக்தி இறங்க வழி விடணும்" என்றபடி சார்ஜர் வயரை மறுபடியும் பவ்வியமாகச் சொருகினார். எண் குதித்தது. நாற்பத்தேழு. கார் சீறியது. நூறு செல்போன்கள் தலைக்கு மேல் எழுந்தன. பின்னாலிருந்து ஒரு பெண்மணி விசும்பினார். என் மகன் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான், பாலம் நிற்கிறதா பார் என்கிற மாதிரி.

மருமகள் திரையைப் பார்க்கவில்லை. வயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, நீங்க ரெண்டு வேலை செஞ்சீங்க" என்றாள். "தகடு வெச்சீங்க, சார்ஜரும் போட்டீங்க. எதனால எண் ஏறிச்சு?"

வேகநாதர் புன்னகைத்தார். சிறுபிள்ளைகளை மன்னிக்கிற புன்னகை. "சக்தியைச் சோதிக்கக் கூடாதும்மா. கோவிச்சுக்கும்."

"சக்தியைச் சோதிக்கலைங்க. காசு குடுக்கிறேன், சாமானைப் பாத்து வாங்கறேன். எங்க கடைக்கு ஒருத்தர் வருவாரு. காய்ச்சல்னா மாத்திரையும் போட்டுக்குவாரு, கட்டிலையும் திசை மாத்திப் போட்டுக்குவாரு. காய்ச்சல் விட்டதும் கட்டிலைத்தான் கும்பிடுவாரு. மாத்திரைக்குப் பாக்கி வேற."

மகன் அவள் கையைப் பிடித்து இழுத்து, மானம் போகிறது என்று முணுமுணுத்தான். வேகநாதர் அடுத்த டோக்கனைக் கூப்பிடப் போனார். இத்தோடு போயிருக்கும். ஆனால் அவரைப் பிடித்துக் கொடுத்தது யார் தெரியுமா? அவருடைய பக்தர்கள்தான். ஒரு மருந்துக்கடைக்காரி நாதரைக் கேள்வி கேட்பதா என்று பொங்கிவிட்டார்கள். வங்கி மேலாளர் முன்னால் வந்து நின்றார்.

"செஞ்சு காட்டுங்க நாதரே. இந்தப் பொண்ணு வாயை அடைக்கணும்."

செஞ்சு காட்டுங்க, செஞ்சு காட்டுங்க என்று அறை முழுக்க எதிரொலித்தது. வேகநாதரின் காலர் சரிகை வியர்வையில் மங்கியதை நான் கண்ணாரப் பார்த்தேன். நம்பிக்கையில்லாதவனிடமிருந்து தப்பிக்க ஆயிரம் வழி உண்டு. நம்புகிறவனிடமிருந்து தப்பிக்க ஒரு வழியும் கிடையாது.

மருமகள் வயரைப் பிடுங்கினாள். இருபத்துநாலு. தகடு அடியில்தான் இருந்தது. தகட்டுக் கண் திறந்துதான் இருந்தது. ஆனாலும் இருபத்துநாலு. தகடு இன்னும் விழிக்கவில்லை என்றார் வேகநாதர். சரி என்று காத்திருந்தோம். ஒரு கல்லூரிப் பையன் கொட்டாவி விட்டான். தகடு விழிக்கவில்லை.

அடுத்து அவள் தகட்டை உருவி எடுத்துக்கொண்டு வயரைச் சொருகினாள். நாற்பத்தேழு.

தகட்டின் ஒளி இன்னும் அறைக்குள் நிற்கிறது என்று அறிவித்தார் வேகநாதர். அப்படியானால் தகட்டைத் தெருவுக்கே கொண்டுபோகிறேன் என்று வங்கி மேலாளர் கிளம்பினார். நாதரின் மானத்தைக் காப்பாற்ற அந்த வயதில் மூன்று மாடி இறங்கினார், பாவம். தெருமுனையிலிருந்து என் மகனுடைய போனுக்குப் பேசினார்: வந்துட்டேன், போடுங்க. மருமகள் வயரைப் பிடுங்கினாள், இருபத்துநாலு. சொருகினாள், நாற்பத்தேழு.

அப்போதும் ஒரு புண்ணியவான், போன் வழியாகச் சக்தி வந்திருக்கலாம் என்று ஆரம்பித்தார். பக்கத்திலிருந்தவர் அவர் காலை மிதித்தார்.

"இதுல மாயம் ஒண்ணும் இல்லைங்க" என்றாள் மருமகள். "பேட்டரியில ஓடும்போது இந்த மாதிரி லேப்டாப் தன் வேகத்தைத் தானே குறைச்சுக்கும். சார்ஜர் போட்டா முழு வேகம். அந்த வேகத்தைப் பெட்டியில போட்டுத்தான் உங்களுக்கு விக்கிறாங்க. அதையே இவர் இன்னொரு தடவை விக்கிறாரு."

எனக்கு அப்போது ஒரு குறும்பு தோன்றியது. குனிந்து என் இடதுகால் செருப்பைக் கழற்றி, லேப்டாப்பின் பின்பக்கத்துக்கு அண்டை கொடுத்தேன். நின்று நிதானமாகப் பார்த்தோம். நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்பது. அடியில் காற்றுப் போக இடம் கிடைத்ததும் சூடு தணிந்து மூச்சு விட்டது அந்த ஏழை லேப்டாப். நாதரின் தகட்டை என் செருப்பு இரண்டு எண்ணில் ஜெயித்தது.

வேகநாதர் கையைக் கூப்பினார். "பெரியவர் கால்ல பூர்வ சக்தி இருக்கு" என்றார்.

அதற்குத்தான் கூட்டம் சிரித்தது. சிரிப்பு கொஞ்ச நேரத்தில் கூச்சலானது. தகட்டைத் தூக்கிக் காட்டிப் பணத்தைக் கேட்டார்கள். வேகநாதர் பின்வாசல் வழியாகப் பாய்ந்தார். அவருடைய வாழ்க்கையில் உண்மையான வேகத்தை அன்றைக்குத்தான் காட்டினார். ஹெட்செட் வயர் கதவிடுக்கில் மாட்டி, ஹெட்செட் மட்டும் கடையில் தங்கிவிட்டது. யார் அவர், எங்கள் கடையில் சும்மா நின்றுகொண்டிருந்த ஆளாயிற்றே என்றார் கடை முதலாளி. அவர் சட்டைப் பையில் தகடு விற்ற பணம் புடைத்துக்கொண்டிருந்தது. அதை அவர் திருப்பி எண்ணி வைக்கும்வரை கூட்டம் நகரவில்லை.

மருமகள் பக்கத்து அலமாரியிலிருந்து அந்தத் தூசி படிந்த லேப்டாப்பை இறக்கச் சொன்னாள். செங்கல் மாதிரி கனம், முகத்தில் ஒரு களையும் இல்லை. இரண்டிலும் தன்னுடைய போர் விளையாட்டையே போட்டுப் பார்த்தாள். மலிவானதில், சார்ஜரைப் போட்ட பிறகும், சிப்பாய் சுவரை எட்டுவதற்குள் மூன்று தடவை உறைந்து நின்றான். செங்கல்லில் எண் அறுபதுக்குக் கீழே இறங்கவே இல்லை. அதை வாங்கினாள். மகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். வழியெல்லாம் வாயைத் திறக்கவில்லை. கனம் அப்படி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உள் அறையில் துப்பாக்கிச் சத்தம். இடையிடையே அண்ணன் குரல். புது வீட்டுக்கு மாறியது, ஒற்றை ஆளுக்குச் சமைக்க அலுத்தது, விவாகரத்துக் காகிதத்தில் கையெழுத்துப் போட்ட அன்று பேனா மை தீர்ந்து வக்கீலிடம் கடன் வாங்கியது என்று நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தான். "குனிண்ணா, உன் வலது பக்கம் ஆள்" என்றாள் இவள். அவன் சிரித்தது வாசல் வரை கேட்டது.

வாசலில் வங்கி மேலாளர் நின்றிருந்தார். முகவரியை எப்படியோ விசாரித்து வந்திருக்கிறார். தகடு பித்தலாட்டம் என்று அன்றைக்கே தமக்குச் சந்தேகம் இருந்ததாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார். பேரனின் லேப்டாப் கொஞ்சம் மந்தமாக இருக்கிறதாம். ஒரு வாரத்துக்கு என் இடதுகால் செருப்பு கிடைக்குமா?

தருகிறேன் என்றேன். முதலில் அதில்லாமல் ஓட்டி எண்ணைப் பாருங்கள். அப்புறம் செருப்பை வைத்துப் பாருங்கள். அதன் பிறகு உங்கள் வீட்டிலிருக்கிற ஒரு கட்டையை வைத்துப் பாருங்கள்.

அவர் முகம் சுருங்கியது. "ஒரு செருப்புக்குப் போய் இவ்வளவு யோசிக்கணுமா?"

யோசியுங்கள் ஐயா. நீங்கள் யோசிக்காமல் விடுகிற ஒவ்வொரு நிமிடத்திலும் எவனோ ஒருவன் தன் கடை வாடகையைக் கட்டிவிடுகிறான்.