அரிசியில் கால் படாமல் ஓட்டிய பந்தய வண்டி

பந்தய வண்டியில் முன்பக்கமாகக் கிளம்பிப் பின்பக்கமாக வயலில் இறங்கியவன் எங்கள் வலங்கைமான் தாலுகாவிலேயே நான் ஒருவன்தான். (பக்கத்துத் தாலுகாக்களிலும் விசாரித்துவிட்டேன். போட்டிக்கு ஆள் இல்லை.)

அப்போது தஞ்சாவூரில் இன்ஜினியரிங் கடைசி வருடம். ப்ராஜெக்டில் என் கூட்டாளி நாகூர் நஸ்ரின். நேர்ச்சாலையில் அதிவேகமாக ஓடும் ஒற்றை ஆள் வண்டி செய்யலாம் என்பது அவளுடைய யோசனை. வரைந்தது, கணக்குப் போட்டது, வெல்டிங் பட்டறையில் சண்டை பிடித்தது எல்லாம் அவள்தான். என் பங்களிப்பு என் உடம்பு. வண்டியின் கம்பிக் கூட்டுக்குள் நுழையும் அளவுக்கு ஒல்லியாக வகுப்பில் வேறு யாரும் இல்லை.

பழைய எலக்ட்ரிக் ஸ்கூட்டரின் மோட்டார், நான்கு சைக்கிள் சக்கரங்கள், கம்பிக் கூட்டின் மேல் இழுத்துக் கட்டிய ஃப்ளெக்ஸ். யாரோ ஒரு குழந்தையின் காதணி விழா பேனர் அது. வண்டியின் இடது பக்கம் முழுக்க 'அனைவரும் வருக' என்று இருக்கும்.

"வேகமா போறது பெரிய விஷயமே இல்லை. நேரா போகணும்," என்பாள் நஸ்ரின். "பாரம் முன்னாடி இருக்கணும், காத்தைப் பிடிக்கிற வால் பின்னாடி இருக்கணும். அப்பதான் பக்கக்காத்து தள்ளினாலும் மூக்கு தானா நேராகும்." முன்பாரத்துக்கு அவள் கேட்டது சரியாக இருபத்தைந்து கிலோ. எங்கள் வீட்டு அரிசிச் சிப்பத்தைக் கொண்டுவந்து மூக்குப் பகுதியில் படுக்க வைத்தேன். அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்துகொண்டது.

வண்டி நேராக ஓடினால், விண்ட் டனல் எனப்படும் காற்றுச் சுரங்கம் உள்ள ஓர் ஆய்வுக்கூடத்தின் பயிற்சிக்கு நஸ்ரினைப் பரிந்துரைத்துக் கடிதம் தருவதாகப் பேராசிரியர் சொல்லியிருந்தார். ஓடாவிட்டால் கடிதம் இல்லை. அந்த ஒரு கடிதத்துக்காக அவள் ஆறு மாதம் சரியாகத் தூங்கவில்லை.

ஆடி மாதம், காற்றுக்குக் கேட்கவா வேண்டும். இன்னும் திறக்காத புறவழிச்சாலையின் அந்த முனையில் பேராசிரியரும் நஸ்ரினும் காத்திருந்தார்கள். இந்த முனையில் நானும், எலுமிச்சம்பழத்தோடு வந்த என் அம்மாவும். பழத்தைச் சக்கரத்தடியில் வைக்கக் குனிந்த அம்மா உள்ளே எட்டிப் பார்த்தார்.

"கால்கிட்ட என்னடா அது?"

"அரிசிம்மா. பாரத்துக்கு."

"அரிசியக் காலால மிதிக்கிறியா? நீ சோறுதானே திங்கிற?"

"நீ மட்டும் ஸ்கூட்டர்ல காலுக்கு நடுவுலதானே வச்சு எடுத்துட்டு வர்றே?"

"அது வீட்டுக்கு வர்ற லட்சுமி. எப்படி வேணா வரலாம். மேல கால் படக் கூடாது."

நான்கு வருட இன்ஜினியரிங் படிப்பில் இந்த விதியை யாரும் சொல்லித் தரவில்லை. ஆனாலும் என் பெருவிரல் மூட்டையை அழுத்திக்கொண்டிருந்தது எனக்கே உறுத்தலாகத்தான் இருந்தது. இறங்கி, சிப்பத்தைத் தூக்கிப் போய் வாலடியில் மரியாதையாக வைத்துக் கட்டினேன். மொத்த எடை மாறவில்லையே என்று மனதுக்குள் ஒரு சமாதானம். (இந்தப் பாடத்தில் எனக்கு அரியர் இருந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.)

கிளம்பியதும் நன்றாகத்தான் போனது. வேகம் ஏற ஏற வால் லேசாக ஆடியது. பிறகு தெற்கிலிருந்து ஒரு காற்று வந்தது. என் கண்முன்னே சாலை அரைச் சுற்று சுற்றியது. அடுத்த கணம் நான் கிளம்பிய இடத்தில் நின்ற அம்மா தெரிந்தார். அவர் வேகமாக என்னை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தார். அதன் பின் சம்பா நாற்றங்காலுக்கு உழுது வைத்திருந்த சேறு.

வயல்காரர் நிதானமாக நடந்து வந்தார். "தம்பி, இது ரிவர்ஸ்ல ஓட்டுற வண்டிங்களா?"

ஓடி வந்த பேராசிரியர் எனக்கு அடிபடவில்லை என்று உறுதி செய்துகொண்டு நஸ்ரின் பக்கம் திரும்பினார். "கணக்கு எங்கேயோ உதைக்குதும்மா."

அவள் கையிலிருந்த நோட்டைப் புரட்டித் தன் தப்பைத் தேட ஆரம்பித்தாள். இல்லாத தப்பை. எனக்குச் சேற்றிலேயே புதைந்துவிடலாம் போல வெட்கமாக இருந்தது.

"கணக்கு சரிதான் சார்," என்றேன். "அரிசியில கால் படுதுன்னு நான்தான் மூட்டையைப் பின்னாடி மாத்திட்டேன்."

பேராசிரியர் வாலடியில் இருந்த சிப்பத்தைப் பார்த்தார். காற்றியக்கவியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சிப்பத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "கால் படக் கூடாதுதான்," என்றார்.

நஸ்ரின் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நடுவுல ஒரு பலகை போட்டிருந்தா முடிஞ்சு போச்சு. இதை என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

பலகை வயல்காரர் வீட்டிலிருந்து வந்தது. கிழிந்த இடத்தில் டேப் ஒட்டினோம். ('வருக' போய் 'அனைவரும்' மட்டும் மிஞ்சியது.) அரிசி முன்னால், பலகை நடுவில், என் கால் பலகையில். அதே காற்று அதே இடத்தில் வந்து தள்ளியது. மூக்கு ஒரு விரற்கடை நகர்ந்து, தானாகவே நேராக வந்தது. அப்போது எனக்குள் எழுந்த சந்தோஷத்தை இன்றுவரை வேறு எதிலும் நான் அடைந்ததில்லை. எல்லையைத் தாண்டி நிறுத்தியபோது நஸ்ரின் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். கடிதம் மறுநாளே கிடைத்தது.

அவள் இப்போது காற்றுச் சுரங்கத்தில் விஞ்ஞானி. என் கல்யாணத்துக்கு வந்தவள் பரிசாக ஓர் அரிசிச் சிப்பம் கொண்டுவந்தாள். மேலே ஒரு சீட்டு: 'முன்னால் வைக்கவும்.' என் அம்மா அதைச் சத்தமாகப் படித்தார். பிறகு மண்டபத்து வாசலில் நின்ற அலங்காரக் காரின் முன்சீட்டில் தன் கையாலேயே அதை உட்கார வைத்து, சீட் பெல்ட்டும் போட்டுவிட்டார்.

அந்த வழக்கம் எங்கள் வீட்டில் இன்றும் நிற்கவில்லை. மாதா மாதம் அரிசி வாங்கப் போனால், வரும்போது மனைவி கார் ஓட்ட, முன்சீட்டில் அரிசி, பின்சீட்டில் நான்.