மறிக்காதேங்கோ

வியாழக்கிழமை காலை ஆறு பத்துக்கு மக்டலீன் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"லவீனாவுக்கு அடுத்த மாதம் பிள்ளை பிறக்கப்போகுது. நான் கனடாவுக்குப் போகட்டே?"

மேசையில் அடிப்பதற்கு மரியரட்ணத்தின் கை உயர்ந்தது. முப்பத்தொரு வருடப் பழக்கம். ஆறு வருடத்துக்கு முன், மகள் லவீனாவின் முதல் பிள்ளைக்கு இதே கேள்வி வந்தபோதும் அடித்தார். "வீட்டை ஆர் பாக்கிறது?" என்று கத்தினார். மனைவியின் பாஸ்போட்டைக் கொண்டுபோய், தான் மேற்பார்வை செய்யும் ஐஸ் பக்டரியில், மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். பிள்ளைக்கு ஒரு வயதான பிறகுதான் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. அம்மம்மாவை அது போனில் மட்டுமே கண்டிருக்கிறது.

உயர்ந்த கை அந்தரத்தில் நின்றது.

பிறஷர் கூடிப்போய், மக்டலீனின் வற்புறுத்தலில், ஐந்து மாதமாக அவர் ஐகிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலை பழகுகிறார். கோயில் மண்டபத்தில், செவ்வாயும் சனியும். பதினொரு வருடம் ஜப்பானில் இருந்துவிட்டு வந்த அருட்செல்வன்தான் பழக்குகிறான். அடி கிடையாது. உதை கிடையாது. தாக்க வருகிற கையை மறிக்கக் கூடாது. அது வருகிற பக்கமே தானும் திரும்பி, அதன் வழியில் போகவிட வேண்டும். ஒரு வகுப்புக்கு நூறு தரம் சொல்வான்: "மறிக்காதேங்கோ, மறிக்காதேங்கோ."

மரியரட்ணம் கையை இறக்கிக் கோப்பையைத் தூக்கினார்.

"ஓம். போ."

"என்ன?"

"போ எண்டனான்."

மக்டலீன் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"விசா வந்திட்டுது. நீங்கள் ஓமெண்டால்தான் ரிக்கற் போடச் சொல்லுவன். போகட்டே?"

"உனக்கென்ன காது கேளாதே? போ."

அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினிக்குள் போனாள். தோள்கள் குலுங்கின.

தேத்தண்ணி முடியும்வரை மரியரட்ணம் தன்னைத் தானே மெச்சிக்கொண்டார். கோப்பையின் அடியில் சீனி தெரிந்தபோதுதான் அந்தத் தோள்கள் ஞாபகத்துக்கு வந்தன. அழுதிருக்கிறாள். மறிப்பார் என்று நம்பித்தான் கேட்டிருக்கிறாள்.

பின்னேரம் அருட்செல்வன் வீட்டுக்குப் போனார். அவன் பயிற்சி உடுப்புகளைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டு நின்றான்.

"சென்செய் தம்பி, ஒரு சந்தேகம்."

ஆசிரியரைச் சென்செய் என்றுதான் கூப்பிட வேண்டும். தன்னைவிட இருபது வயது இளையவனை, பின்னால் ஒரு தம்பி சேர்க்காமல் கூப்பிட மரியரட்ணத்தின் வாய் வளையவில்லை.

"கேளுங்கோ அண்ணை."

"ஒராள் ஒரு பக்கமாய் வெளிக்கிட்டிட்டார். மறிக்கவும் கூடாது, போகவும் விடேலாது. என்ன செய்யிறது?"

"அவர் போற பக்கமே நீங்களும் திரும்பி, நினைச்சதைவிட ரெண்டடி கூடக் கொண்டுபோங்கோ. நிலை தடுமாறும். பிறகு தானாய் உங்களிட்டைத் திரும்பி வருவார்."

"கட்டாயம் வருவாரோ?"

"வராட்டி விழுவார்."

வீட்டில் மக்டலீன் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"எத்தினை மாதம் நிப்பாய்?"

"மூண்டு."

"மூண்டு மாதம் எந்த மூலைக்கு? ஒரு வருசம் நில்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். தடுமாறுகிறாள் என்று மரியரட்ணம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உண்மையாய்த்தான் சொல்லுறியளே?"

"பின்னை? பிள்ளைப்பேத்துக்குப் போறனி, பாதியிலை விட்டிட்டு வரப்போறியே?"

மக்டலீன் கையைச் சீலையில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"பிள்ளை, அப்பா என்னை ஒரு வருசம் நிக்கட்டாம்!"

"அப்பாவோ? எங்கடை அப்பாவோ?" மகள் கத்தியது முற்றம்வரை கேட்டது. "இந்த விசாவிலை அஞ்சு வருசமும் நிக்கலாம் அம்மா!"

சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் மரியரட்ணம் அருட்செல்வனை மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, ஆள் தடுமாறேல்லை."

"அப்ப நீங்கள் எட்ட நிக்கிறியள் அண்ணை. எட்ட நிண்டால் ஒண்டும் நடவாது. பயப்பிடாமல் உள்ளுக்குப் போங்கோ."

மரியரட்ணம் உள்ளுக்குப் போனார். நாலு கடை ஏறி இறங்கி, இருந்ததில் பெரிய சூட்கேஸை வாங்கி வந்தார்.

"இதுக்குள்ளை ஒராளையே வைக்கலாம்" என்றாள் மக்டலீன்.

"ஒரு வருசம் எண்டால் விளையாட்டே? எவ்வளவு பெரிசு எண்டு பார்." பயப்படட்டும் என்றுதான் சொன்னார்.

அவள் பயப்படவில்லை. மூன்று நாளில் அது நிரம்பியது. ஒடியல் மா, மிளகாய்த்தூள், சுற்றிச் சுற்றிக் கட்டிய கருவாடு, பிள்ளைக்குத் தைத்த சட்டைகள். சுவரிலிருந்த கலியாணப் படத்தையும் கழற்றினாள். கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பவும் மாட்டினாள்.

"இது உங்களோடை நிக்கட்டும்."

மரியரட்ணம் பின்வளவுக்குப் போய் நின்றுவிட்டு வந்தார். பிறகு சூட்கேஸை ஐஸ் பக்டரிக்குக் கொண்டுபோய்த் தராசில் ஏற்றினார். அனுமதித்த நிறைக்கு நூறு கிராம் குறைவு. கூடியிருந்தால் அதைச் சாட்டி ஏதாவது கதைத்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குக் கொழும்பு வான் வந்தது. சாரதி சூட்கேஸைப் பின்னுக்கு ஏற்றினான். மக்டலீன் படலையில் நின்று திரும்பினாள்.

"எல்லாம் யோசிச்சுத்தானே சொன்னனீங்கள்? போகட்டே?"

இந்த முறை மறிப்பது என்று அவர் காலையிலேயே முடிவெடுத்திருந்தார். ஐகிடோவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். போகாதை. ஒரு சொல். வாயைத் திறந்தார். பூட்டிய லாச்சி நினைவுக்கு வந்தது. அதற்குள் கிடந்த பாஸ்போட்டில் அவளுடைய படம், பயந்த கண்களோடு.

"முன் சீற்றிலை இரு," என்றார். "வயித்தைப் பிரட்டிச் சத்தி வராது."

மக்டலீன் அவருடைய சேட்டுக் கொலரை இழுத்து நேராக்கினாள். கண் கலங்கியிருந்தது. வான் சந்தியில் திரும்பும்வரை அவர் றோட்டில் நின்றார். பிறகு உள்ளே போய் மேசையில் ஓங்கி அடித்தார். திரும்பிப் பார்க்க ஒருவரும் இல்லை. கை மட்டும் நொந்தது.

மறுநாள் மண்டபத்துக்குப் போனார். உடுப்பு மாற்றவில்லை. பாயின் விளிம்பில் சப்பாத்துக்களுக்குப் பக்கத்தில் இருந்தார். வகுப்பில் பேர் பதிகிற ஜெனிற்றா, பெரியாஸ்பத்திரித் தாதி, கொப்பியோடு வந்தாள்.

"ஏன் அங்கிள் உடுப்பு மாத்தேல்லை?"

"நான் நிப்பாட்டப்போறன் பிள்ளை. என்ரை பேரை வெட்டிவிடு."

"ஏன், நல்லாய்த்தானே பழகினனீங்கள்?"

"அந்தப் பழக்கத்தாலைதான் என்ரை மனிசி போட்டா. மூண்டு தரம் கேட்டவ, போகட்டே எண்டு. மூண்டு தரம்! ஒருக்கா மறிச்சிருந்தால் நிண்டிருப்பா. நான் மறிக்கவேணும் எண்டுதான் கேட்டவ. முப்பத்தொரு வருசம் தேவையில்லாததுக்கெல்லாம் மறிச்சுப்போட்டு, கடைசியிலை…"

ஜெனிற்றா கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் இருந்தாள். பேனையின் மூடியைக் கழற்றிப் பூட்டினாள்.

"அங்கிள், அன்ரி உங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லையே? விசாவுக்குப் போட்ட அண்டைக்கு, நேரை இஞ்சை வந்துதான் உங்கடை பேரைப் பதிஞ்சவ. 'விசா வர அஞ்சு மாதம் செல்லுமாம் பிள்ளை, அதுக்கிடையிலை இந்த மனிசன் மறிக்காமல் நிக்கப் பழகியிடுமே' எண்டு கேட்டவ."