புகை மணிக்குத் திருஷ்டி கழித்த கதை

புதுசாக எது வந்தாலும் சுற்றிப் போடாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. மகன் செந்தில் வாங்கின வாஷிங் மெஷினுக்குக்கூடச் சுற்றினேன். (இன்றுவரை அது ரிப்பேர் ஆனதில்லை, வந்து பாருங்கள்.) அப்படிப்பட்டவள், துபாய்ப் பக்கம் அஜ்மானில் நாங்கள் குடியிருக்கிற கட்டிடத்துக்கு, புகை பட்டால் அலறுகிற புகை மணி வந்தால் சும்மா இருப்பேனா?

அந்த மணி லேசில் வந்ததில்லை. பக்கத்துக் கட்டிடத்தில் தீப்பிடித்ததைப் பார்த்த பயத்தில், தமிழ், மலையாளம், பாகிஸ்தான், பிலிப்பைன் என்று பார்க்காமல் எங்கள் கட்டிடமே ஒன்றுகூடி, ஓனரை நச்சரித்து மாட்டவைத்தது. மாடிக்கு ஒரு பொறுப்பாளர். மணி அடித்தால் கதவெல்லாம் தட்டி, ஆட்களைப் படி வழியாகக் கீழே இறக்கவேண்டும். எங்கள் மாடியில் எல்லாரும் டியூட்டிக்குப் போகிறவர்கள். பகலிலும் வீட்டில் இருப்பது நான் ஒருத்திதான்!

"அம்மா எழுத்துக் கூட்டித்தான் படிப்பாங்க..." என்று செந்தில் இழுத்தான்.

"கதவைத் தட்டறதுக்கு எதுக்குடா படிப்பு?"

பொறுப்பாளர் குழுவுக்குத் தலைவி எதிர்வீட்டு நஸ்ரீன், பாகிஸ்தான்காரி, டீச்சர். (அவள் இந்தி பேசுவாள், நான் தமிழ் பேசுவேன். எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை.) பொறுப்பாளர் போடுகிற ஆரஞ்சு நிற மேல்சட்டையை எனக்கு மாட்டிவிட்டு, "அம்மாஜி, ஞாயிறு சாயங்காலம் ஒத்திகை. தீயணைப்பு ஆபீசர் வருவார். சரியாகச் செய்தால்தான் சட்டை உங்களுக்கு" என்றாள்.

ஞாயிறு காலை குளித்து, சட்டையைப் போட்டு நிமிர்ந்தேன். எத்தனை கண் பட்டிருக்கும் அந்த மணி மேல்! காய்ந்த மிளகாயும் கல்லுப்பும் எடுத்து, நடையில் கூரையோடு ஒட்டியிருந்த அந்த வெள்ளைப் பெட்டிக்கு நேரே நின்று மூன்று சுற்று. பழுக்கக் காய்ந்த இரும்புச் சட்டியையும் அங்கேயே கொண்டுவந்து, அதில் கொட்டினேன். யாருக்குச் சுற்றினோமோ அவர் பார்க்கவேண்டாமா?

பார்த்துவிட்டது!

அடேயப்பா, என்ன அலறல்! லுங்கியோடு ஒருத்தர், தலையில் சோப்பு நுரையோடு ஒருத்தர், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி. வாட்ச்மேன் ரஹீம் பாய் ஓடிவந்து, "அம்மா, ஆக் கஹாங்?" என்று கத்தினார், தீ எங்கேயாம்.

"ஆக் மாஃபி பாய்! மிர்ச்சி!" என்றேன். தீ இல்லை, மிளகாய்தான் என்று சொல்ல, பதற்றத்தில் இந்தி, அரபி எல்லா பாஷையும் தானாக வந்தது.

கீழே கார் நிற்கிற இடத்தில் மொத்தக் கட்டிடமும் நின்று இருமியது. செந்திலுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"அந்தச் சட்டையைக் கழட்டிக் குடுத்துடும்மா."

"ஏண்டா? திருஷ்டி இருந்தா மிளகாய் நெடியே அடிக்காது. இத்தனை பேர் இருமுறாங்கன்னா, நம்ம கட்டிடத்துக்குத் துளி திருஷ்டி இல்லைன்னு அர்த்தம்!"

நஸ்ரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பாலா, நெடியாலா, தெரியவில்லை. "சாயங்காலம் பார்க்கலாம், அம்மாஜி."

சாயங்காலம் ஆபீசர் வந்து கீழே நின்றார். மணி அலறியது. எங்கள் மாடியில் ஒரு ஈ காக்காகூட வெளியே வரவில்லை! மலையாளத்துப் பையன் உள்ளேயிருந்து, "அம்மா பின்னயும் தொடங்கி!" என்கிறான், நான் மறுபடி ஆரம்பித்துவிட்டேனாம். என் பிள்ளை சோபாவில் படுத்தபடியே, "இப்ப என்னத்தம்மா வறுத்தே?" என்கிறான்.

சட்டை கைவிட்டுப் போகிறதே! எனக்கு வந்ததே ஆவேசம்! கதவு கதவாக இடித்தேன். "நான் இல்லை! நான் இல்லை! இது ஒத்திகை! இறங்குங்க! யல்லா, யல்லா!" மேல்மாடிக்காரர்களும் என் சத்தத்துக்குப் பயந்து எங்களுக்கு முன்னால் இறங்கிவிட்டார்கள்.

ஆபீசர் நஸ்ரீனிடம் அரபியில் ஏதோ சொல்லிச் சிரித்தார். இப்படி ஒரு குரல் இருக்கும்போது மணி எதற்கு என்று கேட்டாராம்! சட்டை என்னிடமேதான் இருக்கிறது. இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன்.

வீட்டில் தம்ளர் உருண்டாலும் பால் பொங்கினாலும் செந்தில் உடனே இரண்டு கையையும் தூக்கி, "நான் இல்லை! நான் இல்லை!" என்கிறான். அவனாவது பெற்ற பிள்ளை. மேல்மாடி பிலிப்பைன் பெண்ணுக்குத் தெரிந்த தமிழே அந்த இரண்டு வார்த்தைதான். லிஃப்டில் என்னைப் பார்த்தால் கைகூப்பி, வாய் நிறையச் சிரித்து, வணக்கம் மாதிரி அதைத்தான் சொல்கிறாள்.