நான்காவது வீல் ஃபேன்

கருங்கல்,
வெள்ளிக்கிழமை.

கர்த்தருக்குள் அன்பான எட்சன் சித்தப்பாவுக்கு, அண்ணன் மகள் பெபிஷா ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், முற்றத்தில் நிற்கும் சிவப்புக் கார் எல்லோரும் சுகம். மஸ்கட்டில் நீங்களும் சித்தியும் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம். வாட்ஸ்அப் இருக்கும்போது இந்தப் பிள்ளைக்கு எதற்குக் காகிதம் என்று நினைப்பீர்கள். அதில் அனுப்பினால் பாதி படித்ததுமே பதில் போடுவீர்கள், அது தவறிக் குடும்ப க்ரூப்பில் விழும், அத்தைமார் எல்லோரும் அழுகிற முகம் போடுவார்கள். கடிதம் என்றால் கோபம் வந்தாலும் அடுத்த பக்கத்தைத் திருப்பத்தான் வேண்டும்.

விஷயம், நீங்கள் அனுப்பிய நான்கு வீல் ஃபேன்கள். மாட்டியதும் படம் எடுத்து அனுப்பச் சொன்னீர்கள். படம் வரவில்லை. நேற்று, "பிடிக்கல்லேன்னா திருப்பி அனுப்பச் சொல்லு மக்கா, நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன்" என்று எழுதியிருந்தீர்கள். ஒன்றும் நினைக்காதவர்கள் அப்படி எழுதுவதில்லை, சித்தப்பா. அப்பா இந்த இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரைக் கொச்சியில் ஒரு ஷெட்டிலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தபோது நீங்கள் போனில் சொன்னது எனக்கும் கேட்டது: "அண்ணே, இது காரில்ல, சவப்பெட்டிக்கு வீலு வச்சது." அப்பா போனை வைத்தார். அதன்பின் இரண்டு வருடம் நீங்களும் கூப்பிடவில்லை, அவரும் கூப்பிடவில்லை. போன கிறிஸ்துமஸுக்கு அந்தக் கார் ஓடுகிற படத்தை நான்தான் உங்களுக்கு அனுப்பினேன். நீங்கள் வேலை பார்க்கும் கார் அலங்காரக் கடையிலிருந்து, சக்கரத்தை மூடுகிற, இதழ் இதழாகச் சாய்ந்த தகடு வைத்த வெள்ளை வட்டங்கள் நான்கு புறப்பட்டன. அதன் பொருள் எனக்குப் புரிந்தது. நம் வீட்டு ஆண்களுக்கு மன்னிப்புக் கேட்க வாய் வராது, பார்சல்தான் வரும். அந்தப் பார்சலுக்கு என்ன ஆயிற்று என்பதை மட்டும் பொறுமையாகக் கேளுங்கள்.

அது வந்து சேர்ந்தது அறுப்பின் பண்டிகை அன்று. வீட்டில் ஆள் இல்லை, அப்பா கோயிலில் சாப்பாட்டுப் பந்தல் பொறுப்பில் இருந்தார், கூரியர்காரர் கூப்பிட்டதும் "இங்க கொண்டா டே" என்று சொல்லிவிட்டார். வந்த பெட்டியை வெயில் படாத இடமாகப் பார்த்துக் கோயில் வராந்தாவில் வைத்துவிட்டுச் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வெயில் படாத அந்த இடத்தில்தான் காணிக்கையாக வந்த பூசணி, சக்கைப்பழம், வாழைக்குலை, மரச்சீனி எல்லாம் இருந்தன. இதுவும் காணிக்கை என்று நினைத்து, அதைப் பெட்டிக்குள் மூடி வைக்கலாமா என்று யாரோ ஒரு பக்திமான் பெட்டியைப் பிரித்து, நான்கையும் மேசையில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு தேங்காய் வைத்து அழகு பார்த்திருக்கிறார்.

ஆராதனை முடிந்து காணிக்கைப் பொருள்களின் ஏலம் தொடங்கியது. ஜஸ்டஸ் அண்ணன் வருடாவருடம் ஏலம் விடுகிறவர், உங்களுக்குத் தெரியும். மைக்கில் "அடுத்தது..." என்று ஒரு தகட்டைத் தூக்கினவர் நின்றுவிட்டார். "இது என்ன சாமான் டே?"

"இடியாப்பத் தட்டு!" என்றது ஒரு குரல்.

"இல்ல டே, டேபிள் ஃபேனுக்க மூடியாக்கும்."

"எதானாலும் ஆண்டவருக்கு வந்தது. நல்ல கனமுண்டு. கேளுங்கோ!"

அப்பா வாளியோடு ஓடிவந்தார். அது என்னுடையது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயைத் திறந்ததை நான் பார்த்தேன். ஆனால் மேசைக்கு வந்துவிட்ட பொருளை ஊரே கூடியிருக்கும்போது எனக்க சாமான் என்று கேட்க யாருக்கு நாக்கு எழும்பும்? திறந்த வாயைப் பார்த்த ஜஸ்டஸ் அண்ணன் "ஜெபசீலன் அண்ணன் கேக்காரு!" என்றார். அப்படியே அப்பா தன் சொந்தச் சாமானை ஏலம் கேட்டார். எடுத்தும் விட்டார். கையில் வாங்கிக்கொண்டு வாளியை எங்கே வைப்பது, இதை எங்கே வைப்பது என்று முழித்துக்கொண்டு நின்றபோது, "அண்ணன் திருப்பிக் குடுக்காரு, கைதட்டுங்கோ!" என்று மைக் அலறியது. எடுத்ததை மறுபடி ஏலத்துக்கே கொடுப்பது நம் சபையில் பெரிய மரியாதை அல்லவா. கைதட்டல் நிற்பதற்குள் அதே தகட்டை அப்பா இரண்டாம் முறை எடுத்தார். பிறகு இரண்டாவது தகடு, மூன்றாவது தகடு. அதற்குள் சனத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நேசபாய் மாமி எழுந்து, "ஜெபசீலன் இவ்வளோ கேக்கணும்னா சாமான் சும்மா இருக்காது" என்று நான்காவதற்கு மேலே மேலே ஏற்றினார்கள். அம்மா பின்னாலிருந்து அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்ததில் அது மாமிக்குப் போய்விட்டது.

மறுநாள் அப்பாவும் நானும் மாமி வீட்டுக்குப் போனோம். நான்காவது வீல் ஃபேன் கொல்லையில் ஒரு கோழிக்கூடையின் மேல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. உள்ளே அடைக்கோழி.

"அக்கா, அது காருக்க சாமானாக்கும். எட்சன் அனுப்பினது."

"எட்சனா அனுப்பினான்? அவனுக்கு ஆண்டவர் நல்ல புத்தி குடுத்திருக்காரு. கேட்டியா, காத்தும் உள்ள போவும், கீரிக்க கையும் போவாது. இனி குஞ்சு பொரிச்ச பொறவு வா."

கார்புரேட்டர் பற்றி யார் எதைச் சொன்னாலும் அரைமணி நேரம் சண்டை பிடிக்கிற அப்பா, "செரி அக்கா" என்று திரும்பினார்.

கையில் இருந்த மூன்றையும் மாட்டும்படி மெக்கானிக் ஷிஜினிடம் சொன்னார். "மூணா? ஒரு வீலு மட்டும் மொட்டத்தலையா நிக்குமே மாமா" என்றான். "வைடே" என்றார். இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் முன்னால் ஒன்று. போகும்போது சாலையோர டீக்கடைக்கு இடப்பக்கம் தெரியும், திரும்பும்போது வலப்பக்கம். அங்கே இப்போது ஜெபசீலனிடம் சிவப்புக் கார் இரண்டு இருப்பதாகவும், ஒன்றுக்குச் சாமான் குறைவு என்றும் ஒரு பேச்சு ஓடுகிறது.

நான்தான் சொன்னேன், "அப்பா, இடப்பக்கம் நின்னு ஒரு படம் எடுத்து சித்தப்பாக்கு அனுப்புவோம். நாலும் இருக்குன்னு நினைச்சுக்கிடுவாங்க."

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஏட்டி, நாலு அனுப்பினவனுக்கு ரெண்ட காட்டி ஏமாத்தவா? ரெண்டு வருசம் கழிச்சு அவன் அனுப்பின மொத சாமானு. அவன்கிட்ட பொய் சொல்லியா தொடங்கணும்?"

உண்மையைச் சொல்லலாமே என்று கேட்க நினைத்தேன். உன் பரிசைக் கோயில் மேசையில் விட்டுவிட்டேன், ஒன்று கோழிக்கு மூடியாகிவிட்டது என்று தம்பியிடம் எப்படிச் சொல்வார்? பொய்யும் சொல்ல முடியாமல், உண்மையும் சொல்ல முடியாமல் ஒருவர் சும்மா இருப்பதைத் தூரத்தில் இருக்கிறவர்கள் வெறுப்பு என்றுதான் படிப்பார்கள் போலிருக்கிறது. ஆகையால் சித்தப்பா, இந்த மௌனத்தை அப்படிப் படிக்காதீர்கள். அப்பாவுக்கு அந்த வீல் ஃபேன்கள் என்றால் உயிர். தினமும் காலையில் ஈரத்துணியால் ஒவ்வொரு இதழாகத் துடைக்கிறார். குஞ்சு பொரிந்து நான்காவதும் வந்ததும் படம் தானாக வரும். அதுவரை தயவுசெய்து திருப்பி அனுப்பு என்று மட்டும் இன்னொரு முறை எழுதாதீர்கள். எழுதினால் அவர் அனுப்பிவிடுவார், அதன்பிறகு உங்கள் இருவருக்கும் நடுவில் பேச ஒரு சாமான்கூட இருக்காது.

சித்திக்கு அம்மாவின் விசாரிப்பு. உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காக்கட்டும். அங்கே வெயில் தாழ்ந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்,
பெபிஷா.

பின்குறிப்பு: உறையை ஒட்டாமல் மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனது என் தவறு. வந்து பார்த்தால் அப்பா கண்ணாடி போட்டுக் கடைசிப் பக்கத்தில் இருக்கிறார். திட்டுவார் என்று நின்றேன். போனை எடுத்தார், உங்களைக் கூப்பிட்டார். "லே எட்சா, பிள்ள ஒரு கடிதாசு எழுதியிருக்கு. ஏலமும் கோழியும் உள்ளதுதான். எனக்கு அது உயிருன்னு எழுதினது மட்டும் பொய். எனக்க வண்டிக்கு அது ஒட்டும் சேரல்ல டே. கல்யாணப் பந்தல்ல ஃபேனு கறங்குவது மாதிரியில்லா இருக்கு. எப்பிடிச் சொல்லதுன்னு தெரியாமதான் இருந்தேன்." நீங்கள் என்ன சொன்னீர்களோ, அப்பா சிரித்த சிரிப்பில் அம்மா கரண்டியோடு வெளியே வந்துவிட்டார்கள். ஆகவே மேலே எழுதியதில் அந்தப் பகுதியை அடித்துவிட்டுப் படிக்கவும். தினமும் துடைத்தது பிடித்ததால் இல்லையாம், தூசி படிந்தால் உங்களுக்கு மரியாதைக் குறைவாம். பிடிக்காத ஒரு தகட்டை எதற்காக இரண்டு முறை ஏலம் எடுத்தார் என்று கேட்கலாம் என்று நிற்கிறேன், போன் இன்னும் ஓயவில்லை. இப்போது நீங்கள் கார்புரேட்டர் பற்றி ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அப்பாவின் குரல் ஏறுகிறது. எதற்கும் இந்தக் கடிதத்தை இன்றே தபாலில் சேர்த்துவிடுகிறேன்.