சன்னலைத் திறந்து வைத்த மாப்பிள்ளை

ஓபர்லைன்பாக்,
ஜூலை 9, வியாழக்கிழமை.

அன்பும் மதிப்பும் நிறைந்த ஒட்டிலி அக்கா அவர்களுக்கு,

தம்பி வெண்டலின் பணிவோடு எழுதிக்கொள்வது. லூபெக்கில் நீங்களும் அத்தானும் குறையில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தானின் முழங்கால் இப்போது மாடிப்படி ஏறுகிறதா? நீங்கள் அனுப்பிய பாதாம் மிட்டாய் பத்திரமாக வந்தது. ரோஸ்விதா எனக்கு இரண்டு கொடுத்தாள். இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை. மற்றதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

என் மகள், உங்கள் ஞானமகள், அஃப்ராவுக்கு வருகிற செப்டம்பரில் கல்யாணம் என்பது உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை யோரிஸ் பெல்ஜியத்துக்காரன் என்பதும் தெரியும். லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. நெட்டையான, சாதுவான பையன். நம் பெண்ணைத் தாங்கு தாங்கென்று தாங்குகிறான். போன வருடம் முதல் இரண்டு பேரும் எங்கள் மாடியில்தான் குடியிருக்கிறார்கள். இத்தனை நல்லவனிடம் உனக்கு என்னடா குறை என்று கேட்பீர்கள். அக்கா, அவன் வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறான். அது குற்றமில்லை. எப்படிக் காய்ச்சுகிறான் என்று கேளுங்கள்.

நான் முப்பத்தெட்டு வருடம் நம்மூர் பியர் ஆலையில் நிலவறைக்குப் பொறுப்பாக இருந்தவன். அங்கே என் வேலை என்ன? வெளியிலிருந்து ஒரு கிருமி உள்ளே வரக்கூடாது. அவ்வளவுதான். தெருச் செருப்போடு வந்தார் என்பதற்காக ஆலை முதலாளியையே வாசலில் திருப்பி அனுப்பியவன் நான். பார்லி, கசப்புக்கு ஹாப்ஸ் பூ, தண்ணீர், நாம் வளர்த்த ஈஸ்ட், இதைத் தவிர பியருக்குள் எதுவும் போகக்கூடாது என்பது ஐந்நூறு வருடத்துக்கு மேலாக நம் பக்கத்துச் சட்டம். கல்யாணமான புதிதில் ரோஸ்விதா என்னிடம் முறையிட்ட ஒரே விஷயம், முத்தம் கொடுப்பதற்கு முன்னால் நான் கை கழுவுகிறேன் என்பதுதான்.

போன வருடம் ஜனவரியில் ஒருநாள் காலை, பனி வாருகிற மண்வெட்டியை எடுக்க, கூடத்துக்கு நேர் மேலே இருக்கிற பரணுக்கு ஏறினேன். ஏறியவன் அப்படியே நின்றுவிட்டேன். இரட்டைக் கட்டில் அகலத்துக்கு ஒரு செப்புத் தொட்டி. அது நிறைய, கொதிக்க வைத்து இறக்கிய பார்லி மால்ட் சாறு. மூடி கிடையாது. இரண்டு சன்னலும் பப்பரப்பா என்று திறந்து கிடக்கின்றன. தோட்டத்துப் பேரிக்காய் மரத்தைத் தடவிக்கொண்டு காற்று நேராக உள்ளே வருகிறது. தொட்டிக்கு மேலே, உத்தரத்திலிருந்து முப்பது வருடத்து ஒட்டடை கொடி கொடியாகத் தொங்குகிறது. பக்கத்தில் ஒரு முக்காலியில் யோரிஸ் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு, கோயிலில் உட்காருவது மாதிரி உட்கார்ந்திருக்கிறான்.

"தம்பி! மூடாம விட்டிருக்கீங்களே! காத்துல இருக்கிற கிருமியெல்லாம் உள்ள விழுந்துடுமே!" என்று கத்தினேன்.

"அதுக்குத்தானே மாமா தொறந்து வச்சிருக்கோம்" என்றான்.

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவன் ஓடி வந்து தண்ணீர் கொடுத்தான். கொடுத்துவிட்டு விளக்கம் வேறு சொன்னான். அவன் ஊர்ப் பக்கத்தில் ஈஸ்ட் போடவே மாட்டார்களாம். காற்றில் வருகிறது, மரத்தில் இருக்கிறது, ஒட்டடையில் தொங்குகிறது, எல்லாம் தானாக இறங்கி வந்து வேலையைத் தொடங்குமாம். பிறகு பீப்பாயில் அடைத்து ஒரு வருடம், இரண்டு வருடம் சும்மா விட வேண்டுமாம். "ஒரு சின்ன உதவி மாமா. ஆலையில சொல்லி பழைய ஹாப்ஸ் கொஞ்சம் வாங்கித் தர முடியுமா? மூணு வருஷத்துப் பழசா, சீஸ் நாத்தம் அடிக்கிற மாதிரி இருந்தா ரொம்ப நல்லது" என்றான். அக்கா, அந்த நாற்றம் அடித்த ஒரு மூட்டையை உள்ளே விட்டதற்காக நான் ஒரு ஆளை வேலையை விட்டே நிறுத்தியிருக்கிறேன்.

மறுவாரம் இரண்டு பேரும் வேலைக்குப் போயிருந்தபோது, பெற்றவன் கடமை என்று நினைத்து, பரணை நானே ஒட்டடை அடித்துக் கழுவிவிட்டேன். சாயங்காலம் அஃப்ரா மேலே போனாள். ஒரு அலறல். "அப்பா! முப்பது வருஷத்து ஒட்டடைப்பா! இனிமே எங்க போய்த் தேடுவேன்!" என்று அழுகிறாள். யோரிஸ் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. ரோஸ்விதா பக்கம் திரும்பி, "இவ்வளவு வருஷம் அதைத் தொடாம காப்பாத்தி வச்சீங்களே அத்தை, உங்களுக்குப் பெரிய மனசு" என்றான். நான் முப்பது வருடமாக அந்தப் பரணைச் சுத்தம் செய்யச் சொல்லி இவளிடம் கெஞ்சியிருக்கிறேன். "பாத்தீங்களாங்க? அருமை தெரிஞ்சவன் சொல்றான்" என்றாள் ரோஸ்விதா. அன்றிலிருந்து அவள் பெல்ஜியத்துக் கட்சி.

இவர்கள் இரண்டு பேர் மட்டும் என்றால் பரவாயில்லை, இவர்களுக்கு ஒரு சங்கமே இருக்கிறது. வீட்டில் பியர் காய்ச்சுகிற பதினொரு பேர், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் கூடத்தில் கூடுகிறார்கள். ஒருவர் பீட்ரூட் போட்டுக் காய்ச்சுகிறார். ஒருவர் புகையில் வாட்டிய மீனைப் போட்டாராம். எங்கள் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிற லோரென்ஸும் அதில் உண்டு. இத்தனை வருடம் அவரை ஒழுக்கமான மனிதர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன மார்ச்சில் அவர் கொண்டுவந்த பாட்டிலைத் திறந்து, மருத்துவச்சி ஹெட்விக் ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடினாள். "லோரென்ஸ், இதுல நனைஞ்ச குதிரை மேல போத்தின கம்பளி நாத்தம் அடிக்குது" என்றாள். விருந்தாளியை இப்படிப் பேசிவிட்டாளே என்று வீட்டுக்காரன் என்ற முறையில் மன்னிப்புக் கேட்க நான் எழுந்தேன். அதற்குள் லோரென்ஸ் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நெஜமாவா ஹெட்விக்? நெஜமா குதிரைக் கம்பளியா? ரெண்டு வருஷமா அதுக்குத்தான் நான் பாடுபடறேன்!" அவர் கண்ணில் தண்ணீர்.

அதற்குப் பிறகு சண்டை. கசப்புக் கட்சி ஒரு பக்கம், புளிப்புக் கட்சி ஒரு பக்கம். "கசக்காதது பியரே இல்ல, அது ஜூஸ்" என்கிறான் ஒருத்தன். "உன்னோடதக் குடிச்சா நாக்கு பூட்ஸ் தோலாட்டம் ஆயிடுது, அதுக்கப்பறம் என்னத்த ருசிக்கிறது?" என்கிறாள் ஹெட்விக். சமாதானப்படுத்தலாம் என்று நான் எங்கள் ஆலை பியரை ஆளுக்கொரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தேன். எல்லோரும் குடித்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "சுத்தமா இருக்கு" என்றார் லோரென்ஸ். "ஆமாமா, ரொம்ப சுத்தம்" என்றார்கள் மற்றவர்கள். அக்கா, அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் நான் முப்பத்தெட்டு வருடம் உழைத்தேன். ஆனால் ஆஸ்பத்திரித் தரையைப் பார்த்துச் சொல்வது மாதிரி அதைச் சொன்னார்கள்.

ஈஸ்டர் அன்று அடுத்த இடி. கல்யாண விருந்தில் ஊற்றப்போவது பரணில் இருக்கிற பீப்பாய்தானாம். நம் வீட்டுக் கல்யாணம்! ஊர் முழுக்க வரும். என்னோடு நிலவறையில் வேலை பார்த்த அத்தனை பேரும் வருவார்கள். அவர்கள் கையில் கிளாஸைக் கொடுத்து, இதோ எங்கள் வீட்டுச் சிலந்தி காய்ச்சியது என்று சொல்லவா? முடியாது என்றேன். "ஒரு வாய் குடிச்சுப் பாத்துட்டு முடியாதுன்னு சொல்லுங்கப்பா" என்றாள் அஃப்ரா. குடிக்க மாட்டேன் என்றேன். அதோடு பேச்சு நின்றது. இந்த விஷயத்தைப் பேசி முடிக்கத்தான் ஜூன் மாதம் யோரிஸின் அம்மா கோடெலீவ் பெல்ஜியத்திலிருந்து வந்தாள்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். உங்களிடம் மறைக்க முடியாது. சம்பந்தியம்மா வருவதற்கு முந்தின வாரம் நான் பரணுக்குப் போனேன். பீப்பாயின் அடைப்பான் தளர்வாக இருந்தது. ஒன்றரை வருடமாகியும் அது புளித்துக்கொண்டிருக்கிறது, வாயு வெளியேறத்தான் யோரிஸ் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறான் என்று எனக்கு எப்படித் தெரியும்? இன்னும் எதுவும் உள்ளே போகாமல் இருக்கட்டும் என்று சுத்தியலால் நாலு போடு போட்டு இறுக்கிவிட்டு வந்தேன். அந்த வாரம் வெயில் எப்படிக் கொளுத்தியது என்று உங்களுக்கே தெரியும்.

ஞாயிறு மூன்று மணி. கூடத்தில் காப்பி, ரோஸ்விதா செய்த ஆப்பிள் கேக். சம்பந்தியம்மா வெள்ளைச் சட்டை போட்டு, தலையை அழகாகச் சீவிக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். நான், எங்கள் பக்கத்து வழக்கம் என்ன, சட்டம் என்ன என்று மரியாதையாக எடுத்துச் சொல்லத் தொடங்குகிறேன். மேலே டமார் என்று ஒரு சத்தம், அடைப்பான் தெறித்துவிட்டது. பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது. பிறகு மேல்தளப் பலகை இடுக்கிலிருந்து பொலபொலவென்று நுரை இறங்கி, குறி வைத்தது மாதிரி சம்பந்தியம்மாவின் உச்சந்தலையில் விழுந்தது. நெற்றியில் வழிந்து, மூக்கில் வழிந்து, கேக்கில் சொட்டியது. அவள் நாக்கை நீட்டினாள். மேலுதட்டில் இருந்ததை நக்கினாள். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"இன்னும் மூணு மாசம் ஆகணும், சம்பந்தி" என்றாள்.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை அக்கா. பயமா, அவமானமா, சுத்தியல் என் கையில் இருந்தது என்கிற உறுத்தலா? எல்லாம் சேர்ந்து கோபமாக வெளியே வந்தது. "இந்தக் கண்றாவிய ஊத்தற கல்யாணத்துல, பொண்ணு கையப் பிடிச்சு கோயிலுக்குள்ள நான் வரமாட்டேன்!" என்று கத்திவிட்டேன். அஃப்ரா என்னைப் பார்த்தாள். அவள் சண்டை போட்டிருந்தால் தேவலை. "சரிப்பா. அம்மா கூட்டிட்டு வருவாங்க" என்றாள். சொல்லிவிட்டுத் துண்டு எடுத்து மாமியார் தலையைத் துடைக்கப் போய்விட்டாள்.

இன்றோடு மூன்று வாரமும் நாலு நாளும் ஆகிறது. காலையில் ரொட்டி வாங்கி வந்து எங்கள் கதவில் மாட்டிவிட்டுப் போகிறாள், மணி அடிப்பதில்லை. மாடியில் நடக்கிற சத்தம் மட்டும் கேட்கிறது. கல்யாணச் சட்டை தைக்க அளவெடுக்க வந்த தையல்காரனை ரோஸ்விதா திருப்பி அனுப்பிவிட்டாள். "வராத ஆளுக்கு எதுக்குச் சட்டை?" என்கிறாள்.

ஆகவே அக்கா, உங்களிடம் இரண்டு வேண்டுகோள். ஒன்று, ஞானத்தாய் என்ற உரிமையில் அஃப்ராவுக்கு நீங்கள் நாலு வார்த்தை எழுத வேண்டும். நான் சொன்னால் கேட்காதவள் நீங்கள் சொன்னால் கேட்பாள். அந்தப் பீப்பாய் இந்த வீட்டை விட்டுப் போக வேண்டும். போகாவிட்டால் இரண்டாவது: செப்டம்பர் முழுவதும் நான் லூபெக்கில் உங்களோடு வந்து இருக்கிறேன். பின்னறை போதும். என் மனம் மாறாது. பாறை மாறினாலும் மாறாது. அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தூய மேரி துணை இருக்கட்டும். உங்கள் பிரார்த்தனையில் இந்தத் தம்பிக்கும் ஒரு மூலை ஒதுக்குங்கள்.

மாறாத பாசத்துடன்,
வெண்டலின் ராட்மாயர்

பின்குறிப்பு: அக்கா, ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். தபால்தலை தேடிக்கொண்டிருந்தபோது யோரிஸ் தனியாகச் சமையலறைக்கு வந்தான். கையைப் பிசைந்துகொண்டு நின்றான். "மாமா, ஞாயித்துக்கிழமை வண்டி சொல்லியிருக்கேன். பீப்பாய எங்க ஊருக்கு ஏத்திடறேன். கல்யாணத்துக்கு உங்க ஆலை பியரே இருக்கட்டும். எனக்கென்ன, வேற காய்ச்சிக்கலாம். அவளுக்கு வேற அப்பா கெடைக்க மாட்டாரே" என்றான். நான் ஜெயித்துவிட்டேன். கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "தொடப்படாது! இப்ப அசைச்சா அடிமண்டி கலங்கிடும்! குடிச்சப்பறம் தொண்டையில நிக்கிற அந்தப் புளிப்பு இப்பத்தான் உருண்டு வருது, அதப் போய் வண்டியில ஏத்தறியே!" யோரிஸ் என்னையே பார்த்தான். "புளிப்பு உருண்டு வருதுன்னு உங்களுக்கு எப்படி மாமா தெரியும்?" என்றான். பீப்பாயின் முகப்பில் ஒரு சின்ன ஆணி இருக்கிறது. பிடுங்கினால் பியர் நூலாக வரும். குறை என்ன என்று ஆதாரத்தோடு உங்களுக்கு எழுதலாம் என்றுதான் முதல் நாள் ஒரு சின்னக் கிளாஸோடு போனேன். குறை அகப்படவில்லை. மறுநாள் மறுபடி தேடினேன். இருபத்துநாலு நாளாகத் தேடுகிறேன். ஒரு வாய் குடித்துவிட்டு அடுத்த வாய் எப்படி இருக்கும் என்று ஆவலாகக் காத்திருப்பது என் வாழ்நாளில் இதுதான் முதல் தடவை. யோரிஸ் மாடிப்படியில் நின்று கூப்பிட்டான். அஃப்ரா இறங்கி வந்து, அம்மாவைப் போலவே என் வாயை முகர்ந்து பார்த்தாள். முதலில் அழுதாளா, முதலில் சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை, அந்நேரம் என் கண்ணும் சரியாக இல்லை. நாளைக்குத் தையல்காரன் வருகிறான். எனவே பின்னறையை ஒழிக்க வேண்டாம். அஃப்ராவுக்கு எதுவும் எழுத வேண்டாம். அத்தானைக் கூட்டிக்கொண்டு ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிடுங்கள். பீப்பாயில் ஒரு சாண் குறைந்திருப்பதை ரோஸ்விதா கவனித்துவிட்டாள். "பீப்பாய் மூச்சு விடும் அத்தை, அப்படியே கொஞ்சம் ஆவியாப் போயிடும்" என்று யோரிஸ் அவளிடம் சொல்லியிருக்கிறான். தங்கமான பையன்.